மேசைக்காலில் கட்டிய ஒயர்

குக்கர் விசில் அடித்தது. இது ஐந்தாவதா ஏழாவதா என்று எபனேசருக்குத் தெரியவில்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும்போது அவன் மனைவி ரோஸ்லின் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, கறி முற்றலாகத் தெரிகிறது, ஆராதனை முடிகிற நேரத்துக்குக் குக்கரை ஏற்றி, ஆறு விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நாலு வரைக்கும் ஒழுங்காக எண்ணினான். அதற்குள் திரையில் அந்தப் பெயர்கள் வந்து நின்றுவிட்டன. பருவக்காற்று. ஆறுகள். மண் வகைகள். மண் வகைகள் நாய் குரைத்தது. மண் வகைகள் சரியானது. இருமல் வந்தது அழிக்கணும். ரோஸ்லினைத் தவிர உலகத்தில் எவரும் ஒரு ஃபைலுக்கு இப்படிப் பெயர் வைக்கமாட்டார்கள். காலியாக இருக்கவேண்டிய ஃபோல்டர் அது. பழைய டிரைவ் கொஞ்ச நாளாக முனக ஆரம்பித்திருந்ததால் அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டலாம் என்று, அந்தச் சாக்கில் கோயிலுக்கும் மட்டம் போட்டுவிட்டு, காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். அவன் வைத்திருக்கிற லினக்ஸில் ஒரு டிரைவைச் சும்மா செருகினால் போதாது. ஒரு காலி ஃபோல்டரைக் காட்டி, இதன்மேல் உட்கார் என்று சொல்லவேண்டும். அதற்குப் பெயர் மவுண்ட் செய்வது. டிரைவ் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அந்த ஃபோல்டரில் ஏற்கெனவே ஏதாவது கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. அழிந்தும் போகாது. பாயின்மேல் இன்னொரு பாயை விரித்த மாதிரிதான். இன்றைக்கு மேல் பாயை உருவினான், கைப் பழக்கத்தில் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டான், அடியில் ரோஸ்லின் இருந்தாள். அவளுடைய ஒரு கோடை விடுமுறை முழுவதும் இருந்தது. தொலைந்துபோனது என்று அவன் சொன்னது. அவள் தொலைத்தாள் என்று அவன் சொன்னது. இன்னொரு விசில் அடித்தது. எழுந்து போய் அணைக்கவேண்டும் என்று நினைத்தான், காலை ஊன்றினான், உட்கார்ந்தே இருந்தான்.

எழுந்திருக்க முடியாததற்குச் சந்தோஷம் காரணம் இல்லை. சந்தோஷம் ஒரு நொடி வந்தது உண்மைதான், கெடச்சுட்டு என்று வாய்விட்டுக்கூடச் சொன்னான். ஆனால் கிடைத்துவிட்டது என்றால் எங்கே கிடைத்தது என்று அவள் கேட்பாள். அங்கே எப்படிப் போனது என்று கேட்பாள். அவள் கேட்காவிட்டாலும் அவனுக்குத் தெரியும், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, இதற்காகத்தான் கல்லூரியில் அவனை சிஸ்டம் அட்மின் என்று சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கரண்ட் போய் வந்தாலும் டிரைவ் தானாகவே தன் இடத்தில் ஏறி உட்காரவேண்டும் என்றால், கம்ப்யூட்டர் கண் விழித்ததும் வாசிக்கிற ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதிவைக்கவேண்டும். இந்த டிரைவ், இந்த ஃபோல்டர், இந்த நிபந்தனை. அவ்வளவுதான், ஒரு வரி. ஆனால் இந்த டிரைவ் என்பதை எப்படிச் சொல்வது என்பதில் இருக்கிறது சூது. ஒவ்வொரு டிரைவுக்கும் மாறாத நீளமான ஒரு எண் உண்டு, அதைப் பார்த்து எழுதினால் ஜென்மத்துக்கும் பிசகாது. சோம்பேறிகள் அதை எழுதாமல், அன்றைக்கு இருக்கிற வரிசைப்படி இரண்டாவது டிரைவ் என்று எழுதுவார்கள். ரேஷன் கடையில் இரண்டாவதாக நிற்கிற ஆள் என்று அடையாளம் சொல்வது மாதிரி. இடையில் ஒருத்தர் புகுந்தால் அடையாளம் போச்சு. இதை வருஷா வருஷம் புதிதாகச் சேருகிறவர்களை நிற்கவைத்து அவன் சொல்லிக்கொடுப்பான், இதே ரேஷன் கடை உதாரணத்தோடு, அவர்களும் சிரிப்பார்கள். ஊருக்கு உபதேசம். வீட்டில் ரோஸ்லினுக்காக, அப்போது புதிதாக இருந்த இந்தப் பழைய டிரைவை வாங்கி மாட்டிய சாயங்காலம் இவன் எழுதியது இரண்டாவது டிரைவ் என்றுதான். அன்றைக்கு டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நீளமான எண்ணைப் பார்த்து எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஒரு ஓவர் போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. போதாக்குறைக்கு, டிரைவ் கிடைக்காவிட்டால் சத்தம் போடாமல் போய்க்கொண்டே இரு என்கிற நிபந்தனையையும் சேர்த்து எழுதினான். எழுதினால் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்க்கவேண்டும், அதையும் செய்யவில்லை. கையாலேயே மவுண்ட் செய்து, அவள் வாசித்த பருவக்காற்றுப் பாடத்தின் முதல் பதிவு அதில் போய் விழுவதைக் காட்டி, இனிமே உனக்கு ஒரு கவலையும் இல்ல என்று சொன்னான். அவள் எவ்வளவு நம்பிக்கையாகத் தலையாட்டினாள். மறுநாளோ அதற்கு மறுநாளோ பாளையங்கோட்டைக்கே உரிய மே மாதத்துப் பவர்கட் வந்தது. அவன் தன் பென்டிரைவ் ஒன்றைச் செருகிய இடத்திலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தான். கரண்ட் வந்ததும் பென்டிரைவ் இரண்டாவதாக நின்றுகொண்டது, டிரைவ் மூன்றாவதுக்குப் போனது, கம்ப்யூட்டர் அவன் சொன்னபடியே சத்தம் போடாமல் போய்க்கொண்டே இருந்தது. அதன்பிறகு ரோஸ்லின் பதிவு செய்ததெல்லாம் காலி ஃபோல்டரில் விழுந்துகொண்டே இருந்தது.

யாருக்காகப் பதிவு செய்தாள் என்பதை நினைக்காமல் இருந்தால் கொஞ்சம் நன்றாக இருக்கும், ஆனால் நினைவு வராமல் இருக்குமா. பார்வை இல்லாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்துக் கொடுக்கிற ஒரு சின்னக் கூட்டம், கோயிலில் பழகிய அன்னபாக்கியம் டீச்சர் நடத்துவது. டீச்சருக்கும் கண் தெரியாது. ரோஸ்லினின் குரலைக் கோயிலில் பாடுகிற கொயரில் கேட்டுவிட்டு, இந்தக் குரலு எனக்கு வேணும் என்று கையைப் பிடித்துக் கேட்டார்களாம். அவள் அதை அவனிடம் வந்து சொன்னபோது முகத்தில் இருந்த வெட்கம். புவியியல் புத்தகம் முழுவதையும் ஒரு லீவுக்குள் முடித்துவிடுகிறேன் என்று ஏற்றுக்கொண்டாள். ஃபேன் சத்தம் பதிவில் விழும் என்று ஃபேனை அணைத்து, தெருச் சத்தம் விழும் என்று ஜன்னலைச் சாத்தி, அந்த மே மாதத்தில், அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்து வாசித்தாள். சாயங்காலம் அவன் வரும்போது கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்து கிடக்கும். வேர்க்குரு என்றுதான் நினைத்தார்கள், அதற்குள்ளே இன்னொன்று வீங்கிக்கொண்டிருந்தது அப்போது தெரியாது. ஜூன் மாதம் டீச்சர் கேட்டனுப்பினார்கள், பதிவுகளைப் பென்டிரைவில் போட்டுத்தாருங்கள் அத்தான் என்று காபியோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவன் முதலில் டிரைவ்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்தான். அவளுடைய டிரைவ் உட்கார்ந்திருக்கவில்லை. திக்கென்றது. அந்த வரியைத் திறந்தான், இரண்டாவது டிரைவ் என்று அவன் கையெழுத்துப்போல அது நின்றது. அவள் அவன் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள், அவளுக்கு அது புரியாது, புரியாது என்று தெரிந்தும், புரிந்துவிடுமோ என்ற பதற்றத்தில் மளமளவென்று அதை அழித்து நீளமான எண்ணை எழுதி டிரைவை மவுண்ட் செய்தான். அந்தப் பதற்றம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், முதலில் ஃபோல்டரைத் திறந்து பார்த்திருப்பான், எல்லாம் அங்கேயே இருந்திருக்கும். முழுப் பூசணிக்காயை இவனே சோற்றைக் கொட்டி மூடினான். மூடிவிட்டுத் திறந்தால் பருவக்காற்றின் முதல் பதிவு ஒன்றுதான் இருந்தது. எங்கே அத்தான் மத்ததெல்லாம் என்று கேட்டாள். அப்போது, யோசித்துச் சொன்னான் என்றுகூடச் சொல்லமுடியாது, வாய் தானாகச் சொன்னது: "கீழ பெருக்கும்போது ஒயர இழுத்திருப்ப. எழுதிக்கிட்டு இருக்கும்போது ஒயரு கழண்டா எல்லாம் போயிரும்லா."

ஒயர். இன்று காலையில் டிரைவைக் கழற்றுவதற்காக மேசைக்கு அடியில் குனிந்தபோது அந்த ஒயரைப் பார்த்தான். தூசி படிந்து, மேசைக்காலோடு சேர்த்து இரண்டு இடத்தில் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியவன் இவன்தான். டிரைவ் வாங்கிவந்த அன்றைக்கே, பெருக்கும்போது வாரியல் கிரியல் பட்டு ஏதாவது ஆகிவிடக்கூடாது என்று முன்யோசனையோடு கட்டியது. வரியை எழுதுவதில் இல்லாத அக்கறை ஒயரைக் கட்டுவதில் இருந்தது. நீ ஒயரை இழுத்திருப்பாய் என்று அவளிடம் சொன்னபோதும் அது அங்கே கட்டித்தான் இருந்தது. அவன் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அது அவனுக்கு ஞாபகம் வரவில்லையா, வந்தும் சொன்னானா என்று இப்போது கேட்டால் என்ன பதில் சொல்வது. சொன்னதும் அவள் முகம் எப்படிப் போனது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாதாடுவாள் என்று எதிர்பார்த்தான். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருந்தால் இவனும் ஒயரைக் குனிந்து பார்த்திருப்பான், ஐயோ இது கட்டியல்லவா இருக்கிறது என்று ஆகியிருக்கும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் வாதாடவில்லை. ஆமா அத்தான், பெருக்கினேன் என்றாள். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. இதில் வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லக்கூடாது, சொன்ன பொய்யை முதலில் நம்பியவன் இவன்தான். ஒயர் கழன்று போனது என்று ஆகிவிட்டால் பதிவுகள் எழுதப்படவே இல்லை என்று ஆகிறது. எழுதப்படாததை எங்கே போய்த் தேடுவது? கல்லூரியில் வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், மவுண்டை எடுத்துவிட்டு அடியில் பாருங்கப்பா என்று வாசலில் நின்றபடியே சொல்லியிருப்பான். தன் வீட்டில், தன் மனைவிக்கு, அது தோன்றவில்லை.

தோன்றவில்லையா? இங்கேதான் மனம் போய்ப் போய் முட்டிக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கில் எங்கேயோ இடம் குறைந்துகொண்டிருந்தது, கூட்டிப் பார்த்தால் கணக்கு இடித்தது, ஒரு தடவை அதற்காகவே உட்கார்ந்தான். ரோஸ்லினுக்குக் கழுத்தில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்த சமயம். ஒருவேளை மவுண்டுக்கு அடியில் ஏதாவது, என்று ஒரு நினைப்பு தலையைக் காட்டியது மாதிரி இருக்கிறது. அப்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான். தண்ணீர் குடித்தது நிச்சயம், பானையில் தண்ணீர் இல்லாமல் குடத்திலிருந்து சாய்த்துக் குடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்து பழைய வேண்டாத ஃபைல்களை அழித்து இடத்தைச் சரிசெய்துவிட்டு எழுந்துவிட்டான். அந்த நினைப்பு உண்மையாகவே வந்ததா, இல்லை இப்போது இங்கே உட்கார்ந்துகொண்டு வந்ததாக நினைக்கிறானா. வந்திருந்தால் அவன் செய்தது மறதி ஆகாது. அறிந்தே செய்தது ஆகும். இல்லை, வந்திருக்காது. குடம் ஏன் ஞாபகம் இருக்கிறது அப்படியானால். தாகம் எடுத்த மனிதன் தண்ணீர் குடிப்பதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது. விசில் அடித்தது, அடிப்பிடிக்கிற வாசனை லேசாக வருகிறதோ என்று மூக்கு கேட்டது, இரு வருகிறேன் என்று அதற்கு மனதுக்குள் பதில் சொன்னான்.

அன்னபாக்கியம் டீச்சர் வீட்டுக்கு வந்த நாள் இன்னும் மோசம். பதிவுகள் போய்விட்டன என்று போனில் சொல்ல ரோஸ்லினுக்கு மனது வரவில்லை, நேரில் சொல்கிறேன் என்று அவர்களை வரச்சொல்லி, ரவா லாடு செய்து வைத்திருந்தாள். இவனும் அதே அறையில்தான் இருந்தான், நாற்காலியின் பின்னால் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். "என் கையாலதான் போச்சு டீச்சர்," என்று ரோஸ்லின் சொன்னாள். "பிள்ளைங்க எல்லாம் காத்துக்கிட்டு இருந்திருக்கும். நான் அவசரத்துல பெருக்கி ஒயரக் கழட்டிட்டேன்." டீச்சர் அவள் கையைத் தடவிக்கொடுத்து, இதுக்கெல்லாம் அழுவாங்களா பிள்ள, குரலு இருக்குல்லா, மறுபடி வாசிச்சாப் போச்சு என்றார்கள். சொல்லிவிட்டு முகத்தை அவன் நின்ற பக்கம் திருப்பினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவன் நிற்பது மூச்சிலேயே தெரிந்திருக்கவேண்டும். நல்லவேளை இவர்களுக்குக் கண் தெரியாது என்று அவன் நினைத்தான். நினைத்தது அந்தக் கணம்தான், ஆனால் நினைத்தான். தான் இதுவரைக்கும் நினைத்ததிலேயே கேவலமான நினைப்பு எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்லவேண்டியிருக்கும், யாரும் கேட்கப்போவதில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். குரல் இருக்கிறதே என்று டீச்சர் சொன்ன அந்தக் குரலும் அந்த வருஷம் தாண்டவில்லை. வேர்க்குருவுக்குள் வீங்கியது தைராய்டு கட்டி. ஆபரேஷனில் குரல் நரம்பு தொந்தரவாகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார், சொன்னபடியே ஆனது. பிறகு வந்தது வேறு குரல், காற்று கசிகிற, நாலு வார்த்தைக்கு ஒரு தரம் உடைந்து நிற்கிற குரல். ஒரு பாடம் வாசித்துப் பார்த்தாள். தானே போட்டுக் கேட்டாள். பிள்ளைகள் பயந்துவிடும் அத்தான் என்று சிரித்துவிட்டு மைக்கைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தாள். கொயரில் இப்போதும் நிற்கிறாள், வாய் மட்டும் அசையும், இந்நேரம்கூட அசைந்துகொண்டிருக்கும்.

அப்புறம் அவன் அதைச் சிரிப்பாகவும் ஆக்கினான். கிறிஸ்துமஸுக்கு மச்சினன் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, ரோஸி வாரியல எடுத்தா எங்க வீட்ல புவியியலே காணாமப் போயிரும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நன்றாக எடுபட்டது என்று அடுத்த வருஷமும் சொன்னான். அவள் இந்த அறைக்குள் வாரியலோடு வருவதையே நிறுத்திவிட்டாள் என்பதை அவன் கவனிக்கக் கொஞ்ச காலம் ஆனது. நம்ம ரூமு என்று சொல்லிக்கொண்டிருந்தவள் உங்க ரூமு என்று சொல்ல ஆரம்பித்ததைக் கவனிக்க இன்னும் கொஞ்ச காலம். மிக்ஸி போடுவதற்கு முன்னால் எட்டிப்பார்த்து, கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாதே அத்தான் என்று கேட்பாள். ஆகாது, போடு என்று பெரிய மனது பண்ணிச் சொல்வான். இந்த அறையை ஞாயிற்றுக்கிழமை அவன்தான் பெருக்குகிறான், மேலோட்டமாக, மேசைக்கு அடியில் போகாமல்.

ஒரு ஃபைலைத் திறந்தான். மண் வகைகள் சரியானது. ஸ்பீக்கரில் முதலில் ஒரு நாற்காலி நகர்ந்தது, தொண்டையைச் செருமுகிற சத்தம், பிறகு அவள். "மண் வகைகள். பாடம் ஐந்து." அவ்வளவுதான் கேட்டான், நிறுத்திவிட்டான். எதிர் வீட்டுக்காரர்கள் கேட்டுவிடுவார்கள் போல் இருந்தது. இது எவ்வளவு தெளிவான குரல் என்பது மறந்தே போயிருந்தது, உடைந்த குரலே அவள் குரல் என்று பழகிவிட்டது, மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான். மறுபடி போட்டான். கரிசல் மண் பருத்திக்கு ஏற்றது என்று வாசித்தாள், செம்மண்ணில் இரும்பு கலந்திருக்கிறது என்று வாசித்தாள், கடினமான வார்த்தைகளுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுத்துக்கொண்டாள், பார்க்கமுடியாத பிள்ளைகளுக்காகப் படத்தைக்கூடச் சொல்லிக்கொடுத்தாள், பக்கத்தின் வலது மூலையில் ஒரு வயல் இருக்கிறது, அதில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று. கடைசியில், பதிவை நிறுத்துவதற்கு முன்னால், மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்து அறைக்குச் சொன்னாள்: "அத்தான், முடிஞ்சிட்டு. ஃபேனப் போட்டுக்கிடுங்க. வேர்த்து ஊத்தும்லா உங்களுக்கு." எபனேசர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். வேர்த்து ஊற்றியது அவளுக்கு. அவன் அன்றைக்கு ஹாலில் ஃபேனுக்கு அடியில்தான் படுத்திருந்திருப்பான், ஹால் ஃபேன் சத்தம் பதிவில் விழாது.

இனி என்ன செய்வது. ஒரு வழி நல்ல வழியாகவே தெரிந்தது, தெரிந்ததும் கூச்சமாக இருந்தது, கூச்சமாக இருந்தாலும் அதையே மனது மெருகேற்றிக்கொண்டிருந்தது. பழைய டிரைவைத் தூக்கிப்போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை தேடிப்பார்த்தேன் ரோஸி, அதற்கென்று சில கருவிகள் இருக்கின்றன, ரொம்ப மெனக்கெட்டு மீட்டெடுத்தேன் என்று சொல்லலாம். மீட்டெடுத்தேன் என்ற வார்த்தை வாயில் எவ்வளவு அழகாக உட்காருகிறது. அவள் அழுவாள். டீச்சருக்குப் போன் போடுவாள், எங்க அத்தான் எப்படியோ எடுத்துட்டாக டீச்சர் என்பாள். டீச்சர் கண் தெரியாத முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, தம்பி நல்லா இருப்பீக என்பார்கள். மச்சினன் வீட்டில் இனி அந்தக் கதை வேறு மாதிரி ஓடும், வாரியலால் போனது அறிவால் வந்தது என்று. பொய்யும் ரொம்ப இல்லை, கிடைத்தது கிடைத்ததுதானே. யாருக்கு நஷ்டம்? அவளுக்கு அவள் குரல் கிடைக்கிறது, பிள்ளைகளுக்குப் பாடம் கிடைக்கிறது. புத்தகத்தையே மாற்றிவிட்டார்கள், இந்தப் பாடம் இனி யாருக்கும் வேண்டாம் என்பது அப்போதுதான் உறைத்தது. காத்திருந்த பிள்ளைகள் படிப்பை முடித்து எங்கெங்கோ போயிருப்பார்கள். மிச்சம் அவள் மட்டும்தான். அவளுக்காகவாவது உண்மையைச் சொல்லலாம். சொன்னால் எப்படிப் பார்ப்பாள். இவ்வளவு காலமும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்களே என்று கேட்டால். கேட்காமல் அன்றைக்கு மாதிரி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டால். மீட்டெடுத்தேன் என்றே சொல்லிவிடலாம். பிறகு ஒரு நாள் ஆற அமர உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம், அந்த ஒரு நாள் வராது என்பது அவனுக்கே தெரியும், இருந்தாலும் மீட்டெடுத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிப்பார்த்தான்.

கேட் சத்தம் கேட்டது. செருப்பு வாசலில் விழுந்தது. கருகிட்டே என்று உடைந்த குரல் சமையலறைக்குள் ஓடியது, அடுப்பு அணைந்தது, குக்கரின் மீது தண்ணீர் ஊற்றுகிற சத்தம் சீறியது. திட்டுவாள் என்று காத்திருந்தான், திட்டவில்லை, மேல்கறி நல்லாத்தான் இருக்கு, அடிய விட்டுட்டு எடுத்துக்கிடலாம் என்று அங்கிருந்தே சொன்னாள். கோயில் சேலையோடு, வேர்த்த முகத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டே வந்து அறை நிலைப்படியில் நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை. சுவரில் ஸ்விட்ச்சின் மீது விரலை வைத்துக்கொண்டு, "ஃபேனப் போடலாமா அத்தான்? கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டாள்.

மீட்டெடுத்தேன் என்ற வார்த்தை எங்கே போனது என்று தெரியவில்லை. அவன் எழுந்துபோய்த் தானே ஃபேனைப் போட்டான். அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஃபைலைத் திறந்தான். மண் வகைகள், பாடம் ஐந்து. அவள் கை கழுத்துத் தழும்புக்குப் போனது. கரிசல் மண் வரைக்கும் அசையாமல் கேட்டாள். "இவ என்ன இவ்வளவு வேகமா வாசிக்கா," என்றாள். "பிள்ளைங்க எப்படி எழுதும்." கண்ணில் தண்ணீர் நின்றது, அதை அவள் துடைக்கவில்லை. அப்போது சொன்னான். நீளமான எண்ணை எழுதாததையும், ரீஸ்டார்ட் செய்து பார்க்காததையும், பென்டிரைவையும், அவள் காபியோடு நின்றபோது அவசரமாக மூடியதையும், எதையும் விடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஒயர் கழலவே இல்லை, நீ ஒன்றுமே செய்யவில்லை, எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொன்னான். டிஸ்க்கில் இடம் குறைந்ததையும் குடத்துத் தண்ணீரையும்கூடச் சொன்னான், அது அவளுக்கு என்ன புரிந்ததோ. சொல்லிமுடித்து நிமிர்ந்தால் அவள் அவனைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னச் சமாதானப்படுத்தணும்னு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிடாதீங்க அத்தான்," என்றாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாரியலு ஒயர்ல மாட்டுச்சு. நான் இழுத்தேன். டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம் இப்பவும் ராத்திரி படுத்தா கேக்கும்."

 நடக்காத ஒன்றின் சத்தத்தை அவள் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள், பக்கத்தில் இவன் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். தன்னிடம் இருந்த உண்மையை எல்லாம் சொல்லியாகிவிட்டது, அது அவளிடம் போய் அன்பாக மாறி நிற்கிறது, அதற்கும் தான்தான் நல்லவன். இதைவிட வெட்கம் என்ன இருக்கிறது. வாரியலை எடுத்துட்டு வந்து ஒருதடவை பெருக்கிப்பாரு ரோஸி என்றான். எதற்கு என்று அவள் கேட்டாள். பெருக்கேன் என்றான், கெஞ்சுகிற மாதிரி இருந்தது குரல்.

அவள் போய் வாரியலை எடுத்துவந்தாள். நிலைப்படியில் ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே வந்தாள், கோயில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தாள். முதலில் ஓரமாக, தூங்குகிற பிள்ளையைச் சுற்றிப் பெருக்குகிற மாதிரி பெருக்கினாள். தூசி சுருள் சுருளாக வந்தது. பிறகு கொஞ்சம் உள்ளே போனாள், வாரியல் ஒயரில் மாட்டியது, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டதை அவன் பார்த்தான். ஒரு சத்தமும் வரவில்லை. இன்னும் கழற்றாத டிரைவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் கண்ணைத் திறந்து, வாரியலைப் பலமாக ஒரு இழுப்பு இழுத்தாள். இரண்டு ஈர்க்குச்சிதான் ஒடிந்து விழுந்தது. வாரியலைக் கீழே போட்டுவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். மேசைக்காலில் இறுக்கியிருந்த இரண்டு டேக்குகளும் அவள் விரலில் தட்டுப்பட்டன. அதன் மேலிருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் ஒயரைப் பிடித்து இழுத்தாள், மேசை ஆடியது, அதன்மேல் இருந்த டம்ளர் ஆடியது.

"வரமாட்டுக்கே அத்தான்," என்றாள்.

 அவள் அவன் முகத்தைப் பார்த்தபடியே இன்னொரு தடவை இழுத்தாள்.

"வரமாட்டுக்கே."